மலைவாழ் மக்களும் சட்டத் துணையும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே செல்வோர்க்குக் காவலூர் வான் ஆய்வுக்கூடம் புதியதன்று. 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி ஆங்கு நின்று விண்மீன்களை அணுகிக் காட்டுகின்றது. அதே ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கோ, அடிவாரத்து அலுவலகம் விண்மீனினும் சேய்மையில் இருப்பதாகத் தோன்றுகின்றது.

இம்மலையின் ஒரு பகுதி திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூரைச் சார்ந்தது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியன 2019ஆம் ஆண்டில் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கும். ஆகவே எவ்வூரார் எவ்வலுவலகத்தை நாடுவது என்பதே முதல் வினாவாகின்றது.

இங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என மயங்க வேண்டா, இவர்தம் தாய்மொழி தமிழே.) பிணக்கு எழுந்தால் ஊர்ப் பெரியோர் கூடிப் பேசித் தீர்ப்பது இவர்தம் தொன்மரபு. வரப்புத் தகராறுக்கும் மணவினைச் சிக்கலுக்கும் அது போதும். நாமும் அதனைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அயல் மாநிலச் சிறைவாயிலில் ஊர்ச் சபையின் சொல் செல்லாது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறப்பட்ட தமிழர் 20 பேர் சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். கூலி மிகுதி என்னும் தரகரின் சொல்லை நம்பிச் சென்று சிறைப்பட்டோரும் பலர். அத்தகையோரின் இல்லத்தார் யாரிடம் செல்வது?

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12ஆம் பிரிவின்படி பழங்குடியினர், பட்டியல் இனத்தார், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளோர் ஆகியோர் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம். இவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இயங்குகின்றன. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் அறிவுரை கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். எழுதிக்கொள்வது அலுவலகத்தார் கடமை. இவ்வொரு செய்தி மலையூர்களில் பரவினாலே பாதி அச்சம் நீங்கும் என்பது நம் கருத்து. மனு எழுதித் தருவதாகக் கூறிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்க்கும் அங்கே வேலையிராது.

நிலம் பற்றிய வழக்கு வேறு வகையினது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுதுவரும் பழங்குடியினர், 4 எக்டேருக்கு மேற்படாமல், உரிமை கோரலாம். கோரிக்கை முதற்கண் கிராமசபைக்கே செல்லும்; பின்னர் உட்கோட்டக் குழு, அதன்பின் மாவட்டக் குழு. கிராமசபையின் தீர்மானத்தால் குறையுற்றோர் 60 நாள்களுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிட வேண்டும். இந்த 60 நாள் கணக்கை அறியாமையால் உரிமை இழப்பது எளிது. மறுப்புக்கு எழுத்து வடிவில் காரணம் கேட்டுப் பெற்றுக்கொள்வதும், விண்ணப்பத்தின் படியொன்றைக் கைவசம் வைத்திருப்பதும் இன்றியமையாதவை.

சாதிச் சான்றிதழின்றிப் பல வாயில்கள் திறவா. பழங்குடியினர்க்கான சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர் அல்லர். தவறான அலுவலகத்தில் காத்திருந்து ஒருநாட் கூலியை இழப்பது வறியோர்க்குச் சிறிய இழப்பன்று.

ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23ஆம் வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. மகப்பேறு முடிந்த சில நாள்களிலேயே அவர் சென்னை சென்று தேர்வெழுதினார். நீதிமன்றத்தைக் கண்டு அஞ்சிய மலையிலிருந்து அதன் இருக்கைக்கே ஒருவர் சென்றிருக்கின்றார்.

சட்டப்பணிகள் குழுக்கள் தன்னார்வலரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆசிரியர், ஓய்வுபெற்ற அரசுப் பணியாளர், மாணவர் ஆகியோர் அதற்கு விண்ணப்பிக்கலாம். இப்பக்கத்தை வாசிக்கும் மாணவருள் மலையூர்களிலிருந்து வருவோரும் இருக்கக்கூடும். விடுமுறையில் ஊர் செல்லும்போது 15100 என்னும் எண்ணை ரேஷன் கடைச் சுவரில் எழுதிவைக்க இசைவு கேட்டுப் பார்க்கலாம்.