முத்திரை மட்டும் வந்தால் போதாது

வீடு தேடி வரும் நோட்டரி, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பெரிய உதவி. ஆனால் ஆளைப் பார்க்காமல் குத்தப்படும் முத்திரையால் சொத்தே பறிபோகலாம்.

தில்லியில் லிஃப்ட் இல்லாத டிடிஏ குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடி. இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார் எண்பது வயதை நெருங்கும் மூதாட்டி. மத்திய அரசில் வேலை பார்த்த கணவர் இறந்துவிட்டார். அவர் பெயரில் வங்கியில் இருக்கும் டெபாசிட்டை எடுக்க ஒரு பிரமாணப் பத்திரமும் ஓர் ஈட்டுறுதிப் பத்திரமும் தர வேண்டும். இரண்டிலும் நோட்டரி பப்ளிக்கின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். ஒரே மகன் அமெரிக்காவில். கோர்ட் வாசல் வரை அம்மாவைத் தூக்கிச் செல்ல ஆளில்லை.

“மாதாஜி எங்கேயும் வர வேண்டாம். கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் முத்திரை குத்திக் கொண்டு வந்துவிடுகிறேன்” என்று அபயம் அளிக்கிறார் கீழ்த்தளத்து வீட்டுத் தரகர். வங்கிக்கான இரண்டு பத்திரங்களுடன் மூன்றாவதாக ஒன்றையும் அவர் நீட்டுகிறார். பிளாட்டை விற்கும் அதிகாரத்தை அவருக்கே வழங்கும் பவர் பத்திரம் அது. “எப்படியும் விற்கத்தானே போகிறீர்கள்?”

இது ஒரு வீட்டின் கதை அல்ல. பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, பெற்றோர் மட்டும் எஞ்சியிருக்கும் எந்த நகரத்திலும் காணக்கூடிய காட்சி. தில்லி, மும்பை, பெங்களூர் என்று ஊர் மாறலாம், பத்திரம் மாறுவதில்லை. இந்த இக்கட்டிலிருந்து மீள சட்டபூர்வமான வழி ஒன்று இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நோட்டரியையே வீட்டுக்கு வரவழைப்பதுதான் அது.

மரத்தடியும் மாடிப்படியும்

நோட்டரி என்றதும் நினைவுக்கு வருவது கோர்ட் வளாகம்தான். தில்லியின் தீஸ் ஹஸாரியோ, பட்டியாலா ஹவுஸோ, மும்பையின் கோட்டைப் பகுதியோ, எங்கும் ஒரே காட்சி. மரத்தடியில் மேஜை, பக்கத்தில் டைப் அடிப்பவர், மை ஒற்றும் பெட்டி, சிவப்பு முத்திரை. ஆனால் நோட்டரி தன் மேஜையை விட்டு நகரக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. இத்தொழிலை நிர்வகிக்கும் 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம் 1956 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு வகுக்கப்பட்ட விதிகள், குறிப்பிட்ட கட்டணத்துடன் கிலோமீட்டர் கணக்கில் பயணப்படியும் வாங்கிக்கொள்ள நோட்டரிக்கு அனுமதி தருகின்றன. வீடு தேடிப் போவதை விதிகளே எதிர்பார்த்திருக்கின்றன.

1952க்கு முன் நிலைமை வேறு. இந்தியாவில் பணிபுரிந்த நோட்டரிகள் பலர் இங்கிலாந்திலிருந்து நியமனம் பெற்றவர்கள். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் நோட்டரிகளை நியமிக்க அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. அதற்கு வகை செய்த பிரிவின் எண் 138. அது பின்னர் நீக்கப்பட்டு, செக் மோசடிக்குத் தண்டனை வழங்கும் பிரிவாக 1988இல் அதே எண்ணில் மறுபிறவி எடுத்தது.

இன்று நோட்டரிகளை மத்திய அரசும் மாநில அரசுகளும் நியமிக்கின்றன. அமெரிக்காவில் சட்டம் படிக்காத சாதாரணக் குடிமகனும் நோட்டரி ஆகலாம். இந்தியாவில் பொதுவாகப் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞராக இருக்க வேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினருக்கும் ஏழாண்டு போதும். தொழில் நடத்துவதற்கான சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இவ்வளவு அனுபவம் கேட்பதற்குக் காரணம் உண்டு. நோட்டரி முத்திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ‘இந்த நபர் என் முன்னால் வந்தார்; இவர் யார் என்று தெரிந்துகொண்டேன்; என் கண்ணெதிரே கையெழுத்திட்டார்.’ பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்பதற்கு முத்திரை உத்தரவாதம் அல்ல. கையெழுத்திட்டவர் இவர்தான் என்பதற்கே உத்தரவாதம். நோட்டரி ஆளைப் பார்க்கவில்லை என்றால் அந்த ஒரு வாசகமும் பொய்யாகிவிடுகிறது.

முத்திரை தனியே ஊர் சுற்றும்போது

சிக்கல் இங்கேதான். பல நகரங்களில் நோட்டரி நகர்வதில்லை; பத்திரம்தான் நகர்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர், முத்திரைத்தாள் விற்பவர், தரகர், கார் கடன் ஏஜென்ட் என்று யார் கையிலாவது கொடுத்தால் முத்திரையுடன் திரும்பி வருகிறது. வாடகை ஒப்பந்தத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் இது பழகிப்போன குறுக்குவழி. யாரும் கேள்வி கேட்காதவரை பிரச்சினை இல்லை.

கேள்வி எழுவது சொத்துத் தகராறு வரும்போது. பவர் பத்திரத்தில் நோட்டரி சான்று இருந்தால், அது முறைப்படி எழுதிக் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். பழைய சாட்சியச் சட்டத்தின் 85ஆம் பிரிவில் இருந்த இந்த அனுமானம், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அப்படியானால், படுக்கையில் கிடக்கும் மூதாட்டியின் பெயரில் யாரோ கையெழுத்திட்டு முத்திரையும் வாங்கிவிட்டால், ‘அது என் கையெழுத்து அல்ல’ என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில்தான் விழும். கோர்ட்டுக்கு வர முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அவரை வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வைக்கும்.

இதன் மறுபக்கமும் ஆபத்தானதே. நேர்மையாக எழுதிய பத்திரமாக இருந்தாலும், எழுதியவர் நோட்டரி முன் வரவேயில்லை என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் அதன் பலம் போய்விடும். விட்டுக்கொடுக்காத உறவினர் ஒருவர் இருந்தாலே போதும்.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

நோட்டரியை வரவழைப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பத்திரத்துக்கு நோட்டரி தேவையா?

உயிலுக்குத் தேவையில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளை. பதிவு செய்வதுகூட விருப்பத்தைப் பொறுத்தது. நோட்டரி முத்திரை இருக்கிறது என்பதற்காகச் சாட்சியில்லாத உயில் செல்லுபடியாகிவிடாது. சான்றிதழ் நகல்களுக்கும் பல இடங்களில் இப்போது தேவையில்லை. சுய சான்றொப்பத்தை ஏற்கும்படி 2014இல் மத்திய அரசு தன் அலுவலகங்களைக் கேட்டுக்கொண்டது. கல்யாணத்துக்கும் விவாகரத்துக்கும் நோட்டரியால் எதுவும் செய்ய முடியாது. திருமணப் பத்திரமோ மணமுறிவுப் பத்திரமோ எழுதித் தர நோட்டரிகளுக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் மீண்டும் நினைவூட்டியது.

வீடு, நிலம் என்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். விற்பனை என்றால் பதிவு செய்த கிரயப் பத்திரம்தான். பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்து வீடு விற்கும் வழக்கம் தில்லியில் வெகுகாலம் கொடிகட்டிப் பறந்தது. அவற்றால் உரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒருவர் சார்பில் கிரயம் எழுதிக்கொடுத்துப் பதிவுக்கும் தாக்கல் செய்யும் பவரில், இந்தியாவில் வசிப்பவர் சார்பதிவாளர் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். நோட்டரி முத்திரை அங்கே செல்லாது.

அப்படியானால் நடக்க முடியாதவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவது எப்படி? போக வேண்டியதில்லை. உடல்நலக் குறைவால் வர இயலாதவரின் வீட்டுக்குப் பதிவு அதிகாரி செல்லவோ, விசாரணைக்கு ஆள் அனுப்பவோ 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வழி செய்கிறது. மருத்துவச் சான்றுடன் மனு செய்து கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். இது தெரியாமல்தான் பலரும் தரகரின் குறுக்குவழியில் போய் விழுகிறார்கள்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ பவரும் முடிந்துவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அப்பா நினைவிழந்த பிறகு நோட்டரியைத் தேடி ஓடுவதில் பயனில்லை. அந்த நிலையில் பாதுகாவலரை நியமிக்கக் கோரி நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்துவிடுவது நல்லது.

வருகிறவரிடம் என்ன பார்க்க வேண்டும்?

முதலாவது, எல்லை. ஒவ்வொரு நோட்டரிக்கும் பணிபுரியும் பகுதி குறிக்கப்பட்டிருக்கும். தில்லிக்கு நியமிக்கப்பட்டவர் யமுனையைத் தாண்டி நொய்டா வீட்டில் வந்து கையெழுத்திட்டால் பத்திரம் கேள்விக்கு இடமாகும். முத்திரையைப் பார்த்தாலே இது தெரியும். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த வட்டத்தில் நோட்டரியின் பெயர், பகுதி, பதிவு எண், நியமித்த அரசு ஆகியவை இருக்க வேண்டும்.

இரண்டாவது, பதிவேடு. தான் சான்றளிக்கும் ஒவ்வொரு பத்திரத்தையும் நோட்டரி தன் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பத்திரத்துக்கு உரியவர் அதிலும் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்வையிட மாவட்ட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பின்னாளில் சண்டை வந்தால் உண்மையைச் சொல்லப்போகும் சாட்சி இந்தப் பதிவேடுதான். முத்திரையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பதிவேடு இல்லாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

மூன்றாவது, ரசீது. கட்டணங்கள் விதிகளில் குறிக்கப்பட்டவை. வாங்கிய தொகைக்கு ரசீது தருவது நோட்டரியின் கடமை. பயணச் செலவு எவ்வளவு என்று போனிலேயே பேசிவிடுவது உத்தமம்.

நான்காவது, மொழி. வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். பத்திரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். கையெழுத்துப் போடும் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவருக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்ற வாசகம் பத்திரத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்த்துச் சொன்னவரும் கையெழுத்திட வேண்டும். அவர் அந்தப் பத்திரத்தால் ஆதாயம் அடையாதவராக இருப்பது நல்லது. கைநாட்டு வைப்பவருக்கும் இதே விதிதான். மிக முதியவர் என்றால், மனத்தெளிவுடன் இருக்கிறார் என்று டாக்டரிடம் அதே நாளில் ஒரு சான்று வாங்கி வைப்பது பின்னாளில் கைகொடுக்கும்.

கடல் கடந்த கையெழுத்து

மகன் அமெரிக்காவிலிருந்து பவர் அனுப்புவதானால் வழி வேறு. அங்கே வீட்டுக்கே வரும் நோட்டரிகள் ஏராளம். 2012இல் வர்ஜீனியா மாநிலம் தொடங்கிவைத்தபின், பல மாநிலங்களில் வீடியோ மூலமே நோட்டரி முன் தோன்றலாம். இந்திய நோட்டரிகள் சட்டத்தில் வீடியோவுக்கு இடம் தரும் பிரிவு இல்லை; இங்கே நேரில்தான் தோன்ற வேண்டும். எனவே இந்தியச் சொத்துக்கான பவரை வெளிநாட்டிலும் நோட்டரி முன்னிலையில் நேரிலேயே கையெழுத்திட்டு, அப்போஸ்டில் முத்திரை பெறுவதே பாதுகாப்பு. அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005இல் நடைமுறைக்கு வந்தது. நோட்டரிக்குப் பதிலாக இந்தியத் தூதரகத்திலும் சான்று பெறலாம். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அலமாரியில் போட்டு மறந்துவிட்டு, விற்கும் நேரத்தில் விழித்துக்கொள்கிறவர்கள் நிறைய.

மூன்றாவது மாடிக்குத் திரும்புவோம். தரகரை நம்பாமல் அந்தக் குடும்பம் நோட்டரியையே அழைத்தால் என்ன நடக்கும்? மூச்சிரைக்கப் படியேறி வருகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அறையில் இருக்கும் மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்வது. பிறகு அடையாள அட்டையையும் முகத்தையும் ஒத்துப் பார்ப்பார். தமிழ் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து ஒவ்வொரு பத்தியையும் சொல்லச் செய்வார். வங்கிக்கான இரண்டு பத்திரங்களிலும் பதிவேட்டிலும் மூதாட்டி நடுங்கும் கையால் கையெழுத்திடுவார். மூன்றாவது பத்திரம் வரும்போது, “இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா அம்மா?” என்று கேட்பார். தெரியாது என்று பதில் வந்தால் நல்ல நோட்டரி முத்திரையை எடுத்துப் பையில் வைத்துவிடுவார்.

அவருக்குக் கொடுக்கும் பயணப்படிக்கு அந்த ஒரு கேள்வியே ஈடு. முத்திரை மட்டும் போய் வந்திருந்தால் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.