குருமனைக் கணினியும் ஒப்புவிக்கப்பட்ட பொருளும்

குருமனைகளில் கணினி இருப்பது இன்று புதுமையன்று. அருளுரை எழுதவும், சபைப் பட்டியல்களைப் பேணவும், பேராயத்திற்கு அறிக்கை அனுப்பவும் அது துணைபுரிகிறது. விண்டோஸ் 10 அமைப்பிற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றதால், குருமார் பலர் பழைய கருவியை விடுத்துப் புதியதை வாங்கவேண்டிய நிலையில் உள்ளனர். எனினும், பழையதில் இருப்பவற்றை எவ்வாறு புதியதற்குக் கொண்டுசெல்வது என்று நம்மில் பலர் சிந்திப்பதில்லை. நாமும் சிந்திக்கவில்லை.

புதிய கணினியை வீட்டில் அமைத்த சில நாட்களுக்குள், நாம் முன்பு ஊழியஞ்செய்த சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், 2004ஆம் ஆண்டில் தங்கள் தகப்பனாரின் அடக்க ஆராதனையில் நாம் ஆற்றிய அருளுரையின் படியொன்றைக் கேட்டனர். கோப்பு இருந்தது. திறந்தபோதோ, ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடந்தன. அதற்குரிய எழுத்துரு பழைய கணினியில் மட்டுமே இருந்தது. அக்கணினியை ஏற்கெனவே ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டோம். மறுநாள் அங்கே சென்று, வன்தட்டைத் திறந்து காட்டுமாறு வேண்டினோம். அங்கிருந்த இளைஞர் மீட்பு மென்பொருளை இயக்கியதும், எழுத்துருவோடு வேறு சிலவும் திரையில் தோன்றின. அவை சபையின் குடும்பங்கள் சிலவற்றைக் குறித்து நாம் எழுதி வைத்து, பின்பு அழித்துவிட்டதாக நம்பியிருந்த ஆலோசனைக் குறிப்புகள். அவ்வன்தட்டை விலைகொடுத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

குருவின் கணினியிலுள்ளவை அவருக்கு மட்டும் உரியவையல்ல. அவை சபையால் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டவை என்பதை அன்று உணர்ந்தோம். இப்பொறுப்பை எழுத்து, படி, இரகசியம் என மூன்றாக வகுத்துக் காண்போம்.

1. எழுத்து

1990களில் வழங்கிய தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவை, ஆங்கில எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. திரையில் நாம் தமிழைக் கண்டபோதிலும், கணினி அறிந்தது ஆங்கிலக் குறியீட்டையே. ஆகையால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழும் இல்லாமற்போயிற்று. இக்குழப்பத்தை நீக்கும்பொருட்டு, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு பொதுவான குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்குத் தனித்தனி இடம் வகுக்கும் யூனிகோடு 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்திருந்தது. அதனைத் தமிழக அரசு 2010இல் தன் தரமாக ஏற்றது. புதிய கணினிகள் யூனிகோடுத் தமிழைத் தாமாகவே காட்டும்.

கருவி மாறும்போது எழுத்தையும் சீர்ப்படுத்தவேண்டியிருப்பது நமது திருச்சபைக்குப் புதிதன்று. ஹாலேயில் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் அளவில் பெரியனவாயிருந்தமையால், சீகன்பால்குவும் உடன் ஊழியரும் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்ப்பித்தனர். புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது.

நாம் செய்யவேண்டியவை சிலவே. பழைய கணினியிலுள்ள எழுத்துருக் கோப்புகளை முதலில் எடுத்துக்கொள்க. பின்பு, மூலக் கோப்பை அப்படியே வைத்து, அதன் படியொன்றை மட்டும் மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றுக. மாற்றியதை ஒருமுறையேனும் வாசித்துத் திருத்துக. இடையே வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாக மாறியிருக்கக்கூடும். 'கௌ' என்பது ககரத்தின் எகர வடிவமும் தனி ளகரமுமாகப் பிரிந்திருக்கக்கூடும். இவற்றினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. பழைய தட்டச்சில் 'ர்' என்பதற்குப் பதிலாகத் துணைக்காலின்மேல் புள்ளி வைத்தவர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. அவ்வாறு எழுதிய அருளுரையில் 'கர்த்தர்' என்று தேடினால், பக்கந்தோறும் அப்பெயர் இருந்தும் ஓரிடத்திலும் இல்லையென்றே விடை வரும்.

இனி எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுவது நன்று. தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துக்கள் இடக்கையிலும் மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. ஒரே மெய் அடுத்தடுத்து வரும்போதும், 'ந்த', 'ம்ப' போன்ற இணைகளிலும் புள்ளி தானே விழும். முதுமையை நெருங்கும் விரல்களுக்குச் சில வாரங்கள் தடுமாற்றமே. ஆயினும் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதிப் பழகினால் கை தானே செல்லும்.

2. படி

ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிய எரேமியா, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் நெடுநாள் நிலைக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச்செய்தார் (எரே. 32:14). யோயாக்கீம் சுருளை எரித்தபோது, பாருக்கு அதனை மறுபடியும் எழுதவேண்டியதாயிற்று (எரே. 36:32). நம்முள் ஒருவரும் இருபதாண்டு அருளுரைகளை நினைவிலிருந்து மறுபடியும் சொல்ல இயலாது. எனவே ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள் இருக்கட்டும்: அவை இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்று குருமனைக்கு வெளியே இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை படிகளைத் திறந்து பார்க்கவேண்டும். திறந்து பாராத படியை நம்ப இயலாது. திருமணப் பதிவேட்டைக் கணினியிலும் வைத்திருப்பது தேடுவதற்கு உதவும். ஆயினும், 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் கோரும் பதிவேட்டுக்கு அது ஈடாகாது.

3. இரகசியம்

கோப்பை 'அழி' என்று கட்டளையிடுகையில், கணினி பெரும்பாலும் நூலின் பொருளடக்கத்திலிருந்து ஒரு வரியை அடிப்பதுபோலவே செய்கிறது. பக்கங்கள் உள்ளேயே இருக்கின்றன, அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கப்படக்கூடும். நாம் கண்டது இதுவே. ஆகையால் புதிய கணினியை அமைக்கும் முதல்நாளிலேயே வட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்க. அதன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிப் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். அது தொலைந்தால் நமது கோப்புகளே நமக்கு எட்டாமற்போகும். வெளியிடத்தில் வைக்கும் படியையும் இவ்வாறே பூட்டுக. மனைவி மக்களுக்குத் தனித்தனிக் கணக்குகள் அமைப்பது அவநம்பிக்கையன்று. பிறருடைய கண்ணீரை அவர்கள் தற்செயலாய் வாசியாதபடி காப்பதாகும். பழைய கருவியைக் கைமாற்றுமுன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்வதே நமக்கு எளிதான வழி.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக, எதை எழுதிவைக்கவேண்டும் என்பதையே முதலில் ஆராயவேண்டும். ஒருவர் நம்மிடம் அறிக்கையிட்ட பாவம் எந்த வன்தட்டிலும் இருக்கவேண்டிய அவசியமில்லை. எழுதாதிருப்பதே மிகச் சிறந்த பூட்டு.

சிறையிலிருந்த பவுல், துரோவாவில் கார்ப்புவினிடத்தில் விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவைக் கேட்டுக்கொண்டார் (2 தீமோ. 4:13). அவற்றை எங்கே, யாரிடத்தில் விட்டுவந்தார் என்பதை அவர் அறிந்திருந்தார். நாமும் அவ்வாறே அறிந்திருத்தல் வேண்டும்.

அந்த அடக்க அருளுரையைப் பிழைதிருத்தி அக்குடும்பத்தாருக்கு அனுப்பினோம். ஆலோசனைக் குறிப்புகளிருந்த வன்தட்டை நமது கையாலேயே உடைத்தோம். காக்கவேண்டியதைக் காப்பதும், அழிக்கவேண்டியதை உண்மையாகவே அழிப்பதும் உக்கிராணக்காரனுடைய கடமையல்லவா?