மாடி வீட்டு மீன்தொட்டியும் கத்திரி வெயிலும்

பள்ளிவாசல்களில் உளூச் செய்வதற்கென அமைந்த ஹவுள்களில் மீன்கள் உலவுவதை நம்மில் பலர் சிறு வயது முதற்கொண்டே கண்டிருக்கிறோம். கோடையிலும் அவை பெரும்பாலும் வாடுவதில்லை. ஆனால் புதுச்சேரியின் அடுக்குமாடி வீடுகளில் நாம் ஆசையோடு வாங்கி வைக்கும் கண்ணாடித் தொட்டி மீன்களோ, மே மாதம் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாய் மடிகின்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தால், அவற்றைக் காக்கும் வழியும் நமக்குப் புலனாகும்.

ஹவுள் பல்லாயிரம் லிட்டர் நீரைக் கொண்டது. அகன்ற வாயும் மேலே நிழலும் உடையது. நீர் மிகுதியாக இருப்பதால் அது மெல்லச் சூடேறுகிறது. இரவில் ஆறியும் விடுகிறது. நம் வீட்டுத் தொட்டியோ 60 அல்லது 100 லிட்டர் மட்டுமே கொள்ளும். முல்லா வீதி போன்ற பழைய வீதிகளின் இல்லங்களில் முற்றமும் உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் வெயிலைத் தடுத்தன. இன்றைய கான்கிரீட் தளமோ பகலில் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்கிறது. ஆதலின் தொட்டி நீருக்கு ஆறுவதற்கே பொழுதில்லை.

வெப்பமும் மூச்சும்

மீனுக்கெனத் தனி உடல்வெப்பம் இல்லை; நீரின் வெப்பமே அதன் வெப்பம். நீர் சூடேறினால் அதன் உடலியக்கம் விரைவடைந்து, உயிர்வளித் தேவையும் பெருகும். 10 பாகை உயர்வுக்கு அத்தேவை ஏறத்தாழ இரு மடங்காகும் என்பர். ஆனால் 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்க, 35 பாகையில் சுமார் 7 மில்லிகிராம் மட்டுமே அதில் தங்கும். தேவை கூட, வரவு குறைகிறது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் வெப்பத்தோடு வளர்கிறது. மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியால் அன்று, மூச்சுத் திணறலால். அவ்வேளையில் இரையைத் தூவினால் எஞ்சிய இரை அழுகி, உள்ள உயிர்வளியையும் உறிஞ்சிவிடும்.

பனிக்கட்டியா, காற்றா?

பலரும் முதலில் நாடுவது பனிக்கட்டியையே. கணக்கிட்டுப் பார்ப்போம். 100 லிட்டர் நீரை 1 பாகை குளிர்விக்க 100 கிலோகலோரி வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகித் தொட்டி நீரின் வெப்பநிலையை அடைவதற்குள் ஏறத்தாழ 110 கிலோகலோரியை ஏற்கிறது; குறைவது 1 பாகையே. ஆனால் ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி கவர்ந்து செல்லப்படுகிறது. மண்பானை நீர் குளிர்வதும் இம்முறையாலேயே. அறையின் வெப்பம் மீண்டும் உட்புகுவதால் முழுப் பயனும் கிட்டாது எனினும், நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியை வீசச் செய்தால் 2 அல்லது 3 பாகை குறைவது இயல்பு.

நம் கடற்கரைப் பகுதியில் இதற்கோர் எல்லை உண்டு. மேல்காற்று வீசும் முற்பகலில் காற்று உலர்ந்திருப்பதால் விசிறி நன்கு பயன்படும். கடற்காற்று புகுந்தபின் ஈரப்பதம் மிகுந்து ஆவியாதல் தளரும். எனவே வெயில் ஏறுமுன்னரே விசிறியை இயக்குதல் நன்று.

செய்யத்தக்கவை

தொட்டியை மேற்குச் சுவரிலிருந்தும் வெயில் விழும் சாளரத்திலிருந்தும் விலக்கி, தளத்தில் தாழ வைக்க வேண்டும். கண்ணாடி மூடியை அகற்றி வலை மூடி இட்டால் காற்றும் புகும். மீனும் துள்ளி வெளியே விழாது. விளக்கைப் பகலில் அணைத்து வைக்கலாம். ஆவியான நீருக்கு ஈடாக, ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் நீங்கிய நீரை ஊற்ற வேண்டும். ஆயினும் உப்புகள் ஆவியாவதில்லை. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் அவை கூடிக்கொண்டே போகும். ஆகவே வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் இன்றியமையாதது. மின்தடைக்கென மின்கலத்தில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்று இருத்தல் வேண்டும். அவசரத்திற்குப் பனிக்கட்டியை நாடினால், மூடிய புட்டியில் உறையவைத்து மிதக்க விடுக. திடீர்க் குளிர்ச்சியும் மீனுக்குத் தீங்கே.

எல்லாவற்றினும் முதன்மையானது தேர்வு. தங்கமீன் 18 முதல் 24 பாகையில் நலமாக வாழ்வது. நம் கோடை அதற்குப் பொருந்தாது. கப்பி, மோலி, குராமி போன்றவை 24 முதல் 28 பாகையை விரும்புவன; சற்று மிகுந்தாலும் தாங்குவன. நம் வீட்டுக்கு ஏற்ற மீனையே, அளவான எண்ணிக்கையில் வளர்ப்போமாக.

பூனையை அடைத்து வைத்துப் பட்டினியிட்ட பெண் அதன் பொருட்டுத் தண்டனைக்கு உள்ளான செய்தியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். தானே இரை தேட இயலாதவாறு ஓர் உயிரை அடைத்தவர், அதன் வாழ்வுக்குப் பொறுப்பேற்றவர் ஆகிறார் என்பதே அதில் நாம் பெறும் படிப்பினை. தொட்டியில் அடைபட்ட மீனுக்குக் குளிர்ச்சியும் மூச்சும் உணவினும் முந்தியவை. அவற்றை அளிக்க இயலுமா என்று முன்னரே எண்ணிப் பார்த்து, இயலும் எனில் மட்டும் தொட்டி வாங்குவதே அறமாகும்.