வெப்பம் மீட்கும் சக்கரம்

ஸ்வீடன் போன்ற குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது பெருஞ்செலவு. அவ்வெப்பத்தைக் காக்க எண்ணிச் சன்னல்களை இறுக அடைத்தால், விட்ட மூச்சையே மீண்டும் இழுக்க நேரிடும். காற்றோட்டமில்லா வகுப்பறையில் நல்ல மாணவனும் கண்ணயர்வதை ஆசிரியனாக நான் பல்லாண்டு கண்டிருக்கிறேன். சன்னலைத் திறந்தாலோ, காசு கொடுத்துப் பெற்ற வெப்பம் ஓடிவிடும். இவ்விரு தொல்லைகளையும் ஒருங்கே தீர்ப்பது சுழலும் வெப்பமாற்றி.

ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் பிரெட்ரிக் யுங்ஸ்ட்ரோம், புகையோடு வீணாகும் வெப்பத்தால் கொதிகலன் அடுப்புக்குச் செல்லும் காற்றைச் சூடாக்க 1920ஆம் ஆண்டில் இத்தகைய கருவியை அமைத்தார். அத்தத்துவமே பின்னர்க் கட்டிடங்களுக்கும் வந்தது.

நெளிந்த மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுருட்டிச் செய்த சக்கரம் இது. தேன்கூடுபோல் எண்ணற்ற நுண்துளைகள் உடையது. ஒரு பாதி வழியே அறையின் சூடான காற்று வெளியேறும். மறுபாதி வழியே புதுக்காற்று உள்ளே வரும். சிறு மோட்டாரும் பெல்ட்டும் அதை மெல்லச் சுழற்ற, சூடேறிய பாதி அப்புறம் சென்று குளிர்காற்றுக்கு வெப்பத்தை ஈயும். அறையில் 20 பாகை, வெளியே 0 பாகை என்று கொள்வோம். வேறுபாட்டில் நூற்றுக்கு 80 பங்கு மீண்டால், புதுக்காற்று 16 பாகையில் வந்து சேரும். எஞ்சிய 4 பாகைக்கே எரிபொருள் வேண்டும். குளிரூட்டிய கட்டிடங்களில் இதுவே மறுதலையாக நிகழும். வெளியேறும் குளிர்காற்று உள்வரும் வெங்காற்றைத் தணிக்கும்.

அமைக்கும்போது கருதவேண்டியது ஒன்றுண்டு. இரு காற்றுக்கும் இடையே சிறிது கசிவைத் தவிர்க்க இயலாது. ஆதலால் புதுக்காற்றுப் பக்கத்தில் அழுத்தம் மிகுந்திருக்குமாறு விசிறிகளை அமைத்தல் வேண்டும். அப்போது கசிவது கெட்ட காற்றின் பக்கமே செல்லும். சமையல் அடுப்பின் புகையை இதனூடே விடலாகாது. எண்ணெய்ப் பிசுக்குத் துளைகளை அடைக்கும், நாற்றமும் அறைக்கே திரும்பும்.

இனிப் பராமரிப்பு. இருபுறத்து வடிகட்டிகளையும் உரிய காலத்தில் மாற்றுக. மின்சாரத்தை நிறுத்திய பின்னரே மூடியைத் திறந்து, துளைகளில் படிந்த தூசியை உறிஞ்சியெடுக்க வேண்டும். விளிம்பைச் சுற்றியுள்ள தூரிகைத் தடுப்புகள் தேய்ந்துள்ளனவா எனவும் நோக்குக.

பலரும் கவனியாதது பெல்ட்டையே. அது தளர்ந்தோ அறுந்தோ சக்கரம் நின்றாலும் விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும், காற்றும் வரும். வெப்பம் மட்டும் மீளாது. எரிபொருள் செலவு ஏறும்வரை வீட்டார் அறியமாட்டார். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. சக்கரத்தைக் கடந்து வரும் புதுக்காற்றின் வழியில் ஒரு வெப்பமானியைப் பொருத்தி, குளிர்நாட்களில் அவ்வப்போது பார்த்தால் போதும். 16 பாகை காட்டவேண்டிய இடத்தில் அது 5 பாகை காட்டினால், முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.