கையில் புடைத்துத் தெரிவது நரம்பா?



பூந்தமல்லி பக்கம் ஒரு கூட்டம் முடிந்ததும், ஒரு பெண் தன் கணவரின் கையைக் காட்டினார். "பாருங்கம்மா, நரம்பெல்லாம் புடைச்சிருக்கு. நரம்புத் தளர்ச்சின்னு மாசாமாசம் லேகியம் வாங்கறாரு." கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். கல்யாணமாகி ஒரு வருடம்தான். இளம் வயதுப் பழக்கத்தால் ஆண்மை போய்விட்டது என்று எவனோ பயமுறுத்தியிருக்கிறான். போன பணத்தைவிட அந்தப் பயம்தான் மனுஷனை வாட்டியது.

நாம் பேச்சில் எல்லாவற்றையும் நரம்பு என்கிறோம். ஊசி போடும் நர்ஸம்மாகூட "நரம்பு கிடைக்கலை" என்பார். பச்சையாகத் தெரிவது நரம்பே அல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை என்னும் குழாய். ஆண்மைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

வீட்டிலேயே சோதியுங்கள். கையைத் தொங்கவிட்டால் குழாய் புடைக்கும். தலைக்கு மேல் தூக்கினால் அமுங்கிவிடும். இனி, புறங்கையில் ஒரு குழாயை விரல் பக்கமாக அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் மணிக்கட்டை நோக்கி வழித்துவிடுங்கள். அழுத்திய விரலை எடுக்கும் வரை குழாய் வெறுமையாக இருக்கும். உள்ளே ரத்தத்தைப் பின்னால் விடாத சிறு கதவுகள் உண்டு. இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி 1628இல் இப்படிக் கையை வைத்தே ரத்த ஓட்டத்தை விளக்கினார்.

உடல் உழைப்பில் தசை திரண்டு குழாயை மேலே தள்ளும். வெயிலில் சூட்டை வெளியேற்றக் குழாய்கள் விரியும். ஒல்லியானவர்களுக்கும், தோல் மெலிந்த வயதானவர்களுக்கும் இயல்பாகவே தெரியும். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுவதால் கையிலும் மார்பிலும் தெரியலாம்; மாமியார்கள் பயப்பட வேண்டாம். ரத்தக் கொதிப்பை இதை வைத்துச் சொல்லவே முடியாது. கருவியில் அளந்தால்தான் தெரியும்.

ஆனால் சிலவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி, நீலம் பாய்ந்து, தோளிலும் மார்பிலும் புதிதாகக் குழாய்கள் தெரிந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறினால் 108ஐ அழையுங்கள். குளுக்கோஸ் ஏற்றிய இடம் சிவந்து கயிறுபோல் வலித்தாலும் காட்டுங்கள். காரணமில்லாமல் உடம்பு இளைத்துக் குழாய் தெரிகிறதா? அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரையும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியும் பரிசோதிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசில்லை.

தாம்பத்தியத்தில் நிஜமாகவே குறையிருந்தால், வெட்கப்படாமல் இருவரும் சேர்ந்து அங்கேயே டாக்டரிடம் பேசுங்கள். லேத் தம்பியும் மனைவியும் அப்படித்தான் வந்தார்கள்.