முத்தியால மடுவு: ஓர் அருவியும் அதன் நீர்க்கணக்கும்

பெங்களூர் நகரின் தென்கிழக்கே, ஓசூர்ச் சாலையில் உள்ள ஹெப்பகோடி, தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய ஊராகும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் மெட்ரோ இரயிலும் அங்கு வந்து செல்கிறது. அவ்வூர் மாணாக்கர்களுக்கு அருவி என்பது பாடநூலில் உள்ள ஒரு படமாகவே இருந்துவிடக் கூடும். ஆயினும், அங்கிருந்து சந்தாபுரம் வரை சென்று, ஆனேக்கல் சாலையில் திரும்பி, ஆனேக்கல் நகரைக் கடந்து மேலும் சுமார் ஐந்து கிலோமீட்டர் சென்றால் முத்தியால மடுவு என்னும் பள்ளத்தாக்கை அடையலாம். 1974-இல் நிறுவப்பெற்ற பன்னேர்கட்டா தேசியப் பூங்காவின் காடுகளை ஒட்டியது இவ்விடம். வண்டியை விட்டு இறங்கிப் படிகளின் வழியே நடக்க வேண்டிய தொலைவு சிறிதே. அச்சிறு நடையில் கற்பிக்கத்தக்கவை பல உள.

பெங்களூர்ப் பீடபூமி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. தெற்கே செல்லச் செல்ல, அதன் விளிம்பு குன்றுகளும் பள்ளங்களுமாகச் சிதைந்து காவிரிப் பள்ளத்தாக்கை நோக்கித் தாழ்கிறது. அடியில் உள்ளது மிகப் பழமையான நைஸ் பாறை. இதற்குத் ‘தீபகற்ப நைஸ்’ என்று பெயரிட்டவர் மைசூர் நிலவியல் துறையின் தலைவராக விளங்கிய ஸ்மீத் என்பார். நகரின் லால்பாக் தோட்டத்தில் தேசிய நிலவியற் சின்னமாகப் பேணப்படும் குன்றும் இப்பாறையே; அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள்.

பெயரையும் சற்றுக் கவனிக்கலாம். ‘முத்தியாலு’ என்பது தெலுங்கில் முத்துக்களைக் குறிக்கும். ‘மடுவு’ என்னும் கன்னடச் சொல் நம் ‘மடு’ என்பதேயாகும். முத்து என்றது வெறும் புனைந்துரையன்று. பாறை விளிம்பை விட்டு விழும் மெல்லிய நீர்த்தாரை நெடுந்தொலைவு தாரையாகவே நீடிப்பதில்லை. நீரின் பரப்பு இழுவிசை தாரையின் மேற்பரப்பைச் சுருக்க முயல்வதால், ஆங்காங்கே இடை சிறுத்து, இறுதியில் அது மணி மணியாக அறுபடுகிறது. பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி பிளாட்டோவும், அவரை அடுத்து இங்கிலாந்தின் ரேலி பிரபுவும் 1870-களில் இதனை ஆராய்ந்து விளக்கினர். வீட்டுக் குழாயை மெல்லத் திறந்துவைத்து, தாரையின் அடிப்பகுதியை நோக்கினும் இக்காட்சி புலனாகும்.

முத்துக்களைக் காணக் கோடையில் செல்வோர் பெரும்பாலும் ஈரமற்ற பாறையையே காண்பர். இவ்வருவி பருவத்திற்குரியது. பெங்களூரில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 97 செண்டிமீட்டர். அதன் உச்சம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விழுகிறது. இறுகிய நைஸ் பாறை தன்னுள் நீரை ஏற்பதில்லை. பாறையின் வெடிப்புகளும், மேலே சிதைந்து மண்ணாகிய படலமுமே நீரைச் சேமிப்பன. எனவே, அருவி எத்தனை நாள் பாயும் என்பது மழையின் அளவை மட்டுமன்றி, மேட்டு நிலத்தின் நிலையையும் பொறுத்தது.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த நீர் ஒரு கோடி லிட்டர். நிலம் மொட்டையாக இருந்து, அந்நீர் முழுவதும் மூன்று மணி நேரத்தில் வழிந்தோடுமாயின், ஓடையில் வினாடிக்கு ஏறத்தாழ 925 லிட்டர் பாயும், மறுநாள் ஒன்றுமிராது. அதே நீரை இலைச்சருகும் வேர்களும் நிறைந்த மண் உட்கொண்டு பத்து நாட்களில் மெல்ல விடுமாயின், வினாடிக்குச் சுமார் 11½ லிட்டர் வீதம் ஓடை உயிரோடிருக்கும். உண்மையில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியை மரங்கள் உறிஞ்சும்; கணக்கு இவ்வளவு எளிதன்று. ஆயினும் வேறுபாட்டின் போக்கு இதுவே. இது அருவியோடு நிற்கும் செய்தியுமன்று. ஹெப்பகோடியின் ஆழ்துளைக் கிணறுகளும் இத்தகைய பாறை வெடிப்புகளில் தங்கும் நீரையே நம்பியுள்ளன. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான கிணறுகள் வற்றியதை மாணாக்கர்களே கண்டிருப்பர்.

ஓடையின் நீரோட்டத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அருவிக்குத் தொலைவில், ஓடை நேராகவும் ஆழங் குறைந்தும் செல்லும் இடத்தில் 10 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொள்க. அகலத்தை நாடாவாலும், ஆழத்தை ஐந்தாறு இடங்களில் அளவுகோலாலும் காண்க. ஒரு தக்கையை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தைப் பலமுறை எடுத்துச் சராசரி காண்க. அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 10 செண்டிமீட்டர், நேரம் 20 வினாடி எனக் கொண்டால், மேற்பரப்பு வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அடியில் நீர் மெதுவாகச் செல்வதால் இதனை 0.85 ஆல் பெருக்குவது வழக்கம். கரடுமுரடான படுகையில் இன்னும் குறைவாகக் கொள்ளல் வேண்டும். விடை வினாடிக்கு 85 லிட்டர். ஓடை மெலிந்த காலத்தில், ஒரு வாளி நிரம்பும் நேரத்தைக் கணித்தலே மிகச் சிறந்த முறை.

இங்கு ஆசிரியர் ஒருபோதும் தளர்த்தலாகாத விதிகள் சில உண்டு. அருவியின் தலைப்பக்கம் ஏறுவதையும், வீழ்ச்சியின் நேரடியே நிற்பதையும் அனுமதிக்கலாகாது; பாசி படர்ந்த பாறையில் பாதரட்சையும் வழுக்கும். தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பதை நம்புதல் கூடாது. மழை மேட்டில் பெய்தாலும் வெள்ளம் இங்கே வரும். நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் குச்சியும் மிதந்து வருதல், ஓசை மிகுதல் ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் கருவிகளை அங்கேயே விட்டுக் கரையேறுக. நாடா போயினும் போகட்டும். இக்காடுகள் ஓசூர்க் காடுகளுக்கும் காவிரிப் பகுதிக் காடுகளுக்கும் இடையே யானைகள் நடமாடும் பாதையில் உள்ளன. ஆதலால் வனத்துறையினரிடம் முன்னரே தெரிவித்து அனுமதி பெறுவதும், பாதையை விட்டு விலகாமையும், பிற்பகலிலேயே திரும்பிவிடுவதும் இன்றியமையாதவை.

ஒரு முறை அளந்த அளவு பெரிதும் பயன்படாது. ஒரே இடத்தில், ஒரே முறையில், மழைக்காலத் தொடக்கம் முதல் திங்களுக்கு இருமுறையேனும் அளந்து, தேதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள், நீரோட்டம் ஆகியவற்றைப் பள்ளியின் குறிப்பேட்டில் பதிதல் வேண்டும். ஓடை முற்றிலும் நின்றுபோன நாளையும் விடாது குறித்துக்கொள்க. அடுத்த ஆண்டு வரும் வகுப்பு முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.