பாதி விண்ணப்பத்தில் வெளியே தள்ளுவது யார்?

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். தோட்டத்து வீட்டில் பிள்ளை கைப்பேசியை வைத்துக்கொண்டு பெயர், அடையாள அட்டை எண், எஸ்பிஎம் முடிவு எல்லாவற்றையும் நிரப்பி மூன்றாம் பக்கத்துக்குப் போகிறான். திடீரென்று, ‘மீண்டும் உள்நுழையவும்’ என்கிறது இணையத்தளம். முதலிலிருந்து தொடங்கினாலும் அதே கதை. ‘லைன் சரியில்லை’, ‘போன் பழசு’ என்று வீட்டில் பேச்சு. ஆனால் கோளாறு தளத்தின் வாசலில் நிற்கும் லோட் பேலன்சரிலும் இருக்கலாம்.

பெரிய தளங்கள் ஒரே கணினியில் ஓடுவதில்லை. பின்னால் பல சர்வர்கள் இருக்கும். வருகிறவர்களை அவற்றுக்குப் பிரித்து அனுப்புவதே லோட் பேலன்சரின் வேலை. அரசாங்க கிளினிக்கில் நம்பர் கொடுத்துக் கவுண்டருக்கு அனுப்பும் ஊழியர் மாதிரி. பாதி எழுதிய கார்டு 4ஆம் கவுண்டரில் இருக்க, ஆளை 7ஆம் கவுண்டருக்கு அனுப்பினால் அங்குள்ளவருக்கு ஒன்றும் தெரியாது, ‘யார் நீங்கள்?’ என்பார். ஒருவரை அதே சர்வருக்கே திரும்பத் திரும்ப அனுப்பும் ஏற்பாட்டுக்கு ‘செஷன் பெர்சிஸ்டன்ஸ்’ என்று பெயர்.

ஆளை அடையாளம் காண்பதில்தான் சிக்கல். இணையப் பக்க அளவில் வேலை செய்யும் லோட் பேலன்சர், ‘குக்கி’ என்ற சிறு சீட்டைக் கொடுத்து அடுத்த முறை அதைப் பார்த்துக்கொள்ளும். நெட்வொர்க் லோட் பேலன்சர் அப்படியல்ல. அது கடிதத்தைப் பிரிக்காது. உறை மேல் உள்ள ஐபி முகவரி போன்ற விவரங்களை மட்டும் பார்க்கும். ஒருவரை அதே சர்வருக்கு அனுப்பும்படி அமைத்தால், ‘இந்த முகவரியிலிருந்து வந்தால் இந்த சர்வர்’ என்பதே அதன் கணக்கு.

முன்பு தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும். கைப்பேசி டேட்டாவிலும் இன்று அதே நிலை உண்டு. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அவை போதாததால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியில் வெளியே அனுப்புகின்றன. லோட் பேலன்சரின் கண்ணுக்கு அத்தனை பேரும் ஒரே ஆள். அவ்வளவு பேரும் ஒரே சர்வரில் போய் விழ, பக்கத்து சர்வர் சும்மா இருக்கும். டவுனில் வீட்டு வைஃபையில் இருப்பவருக்குத் தளம் சுலபமாகத் திறக்கிறது. தோட்டத்தில் டேட்டாவை நம்பியிருப்பவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடுவில் வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினால் முகவரியே மாறி, ஆள் வேறு கவுண்டருக்குப் போய்விடுகிறார்.

அடுத்தது ‘ஹெல்த் செக்’. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று லோட் பேலன்சர் அடிக்கடி தட்டிப் பார்க்கும். அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் இந்த இடைவெளியை 5 முதல் 300 வினாடி வரை வைக்கலாம். எதையும் மாற்றாவிட்டால் 30 வினாடி. வெறும் டிசிபி சோதனை, கவுண்டரில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது போல. விளக்கு எரியும், உள்ளே ஆள் மயங்கிக் கிடப்பார். ஒரு பக்கத்தைக் கேட்டு, 200 என்ற சரியான பதில் வருகிறதா என்று பார்க்கும் எச்டிடிபி சோதனையே மேல்.

அதற்காக ஒரேயடியாகக் கறாராக இருந்தாலும் ஆபத்து. ஒரு முறை பதில் தாமதமானாலே சர்வரை நீக்கும்படி அமைத்தால், கூட்ட நாளில் வேலை மிகுதியால் மெதுவாக இருக்கும் நல்ல சர்வரும் வெளியே போகும். அதன் சுமை மற்றவற்றின் தலையில் ஏற, அவையும் வரிசையாகச் சாயும். பொதுவான டேட்டாபேஸையும் அந்தச் சோதனையில் சேர்த்துவிட்டால், அது ஒரு நொடி தடுமாறியதும் எல்லா சர்வரும் ஒரே நேரத்தில் ‘நோயாளி’ ஆகிவிடும்.

பாதி நிரப்பிய விண்ணப்பத்தை ஒரு சர்வரின் நினைவில் விடாமல், எல்லா சர்வரும் எடுக்கக்கூடிய பொது இடத்தில் வைப்பதே நல்ல தீர்வு. அப்போது ஆள் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் கார்டு கிடைக்கும். செலவு கொஞ்சம் கூடும். கடைசி நாள் வைத்து விண்ணப்பம் வாங்குகிறவர்கள் செய்தே ஆக வேண்டிய செலவு இது.

விண்ணப்பிப்பவர்கள் முடிக்கும் வரை வைஃபை, டேட்டா என்று மாற்றாமல் ஒரே இணைப்பில் இருப்பது நல்லது. தளம் வெளியே தள்ளினால், நேரம் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் புகாருக்கு உதவும். தளம் நடத்துகிறவர்கள் திறப்பு நாளுக்கு முன்பே, டேட்டாவில் இயங்கும் சில கைப்பேசிகளில் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி, ஒரு சர்வரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, மூன்றாம் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கலாம்.